எல்லா உரிமைகளும் வழங்கியும் அட்டவணை உருவாக்க முடியவில்லை

கேள்வி:
வணக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பதிப்பு 15இல் நிர்வாகிக் கணக்கின் மூலம் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, செயலியின் பயனருக்கு அதன்மீது எல்லா உரிமைகளையும் வழங்கினேன். ஆயினும் முதல் அட்டவணையிலேயே, பப்ளிக் ஸ்கீமாவுக்கு (அட்டவணைகள் இயல்பாக உருவாகும் உட்பிரிவுக்கு) அனுமதி இல்லை என்ற பிழை வருகிறது. பதிப்பு 14இல் இதே கட்டளைகள் சரியாக இயங்கின. எதை விட்டுவிட்டேன்?

பதில் 1:
தரவுத்தளத்தின் மீதான எல்லா உரிமைகள் என்பவை இணைவது, புதிய ஸ்கீமா உருவாக்குவது, தற்காலிக அட்டவணை உருவாக்குவது ஆகிய மூன்று மட்டுமே. பதிப்பு 14 வரை பப்ளிக் ஸ்கீமாவில் எவரும் அட்டவணை உருவாக்கலாம் என்றிருந்ததால் இந்த வேறுபாடு கண்ணில் படவில்லை. 15 முதல், புதிய தரவுத்தளங்களில் அந்த அனுமதி தரவுத்தள உரிமையாளருக்கே உரியது. அந்தப் பயனரையே உரிமையாளராக்கினால் பிழை நீங்கும்.

பதில் 2:
பிழை நீங்கும், ஆனால் செயலியே உரிமையாளராக இணைந்தால், செயலியில் உள்ள ஒரு சிறு பாதுகாப்பு ஓட்டை வழியாக எவரும் அட்டவணைகளை அழித்துவிடலாம் என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். உள்நுழைய இயலாத தனி ரோல் (உரிமைகளைத் தாங்கும் கணக்கு) ஒன்றை உரிமையாளராக்கி, செயலிக்குப் படிக்கவும் எழுதவும் மட்டும் அனுமதி கொடுங்கள். இயல்புநிலை உரிமைகளை, அதாவது இனி உருவாகும் அட்டவணைகளுக்குத் தானாகவே வழங்கப்படும் அனுமதிகளை, அட்டவணைகளை உருவாக்கப்போகும் அதே ரோலின் பெயரில் அமைக்க வேண்டும். வேறொரு ரோல் உருவாக்கும் அட்டவணைகளுக்கு அவை பொருந்தா.