கஞ்சன்ஜங்கா உச்சியில் கால் வைத்தார்களா?

பனிமலையான்: "1955இல் கஞ்சன்ஜங்கா உச்சியில் கால் வைத்தார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் அடித்து விட்டிருக்கிறார். கால் வைக்கவில்லை ஐயா! மே 25 அன்று பிரிட்டிஷ் குழுவின் ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கு அது. மறுநாள் போன இருவரும் அப்படித்தான் நின்றார்கள்.

கணக்குப்பிள்ளை: எழுதியது நான்தான். 8,586 மீட்டரில் சில அடி குறைந்தால் ஏறவில்லை என்று ஆகிவிடுமா? முதல் ஏற்றம் என்றுதானே உலகமே பதிவு செய்திருக்கிறது?

பனிமலையான்: ஏறவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? கால் வைக்கவில்லை என்றேன். அந்தச் சில அடிதான் விஷயமே. சிக்கிம் மக்களுக்கு அது காவல் தெய்வம். பாங் லாப்சோல் விழா எடுப்பது அந்த மலைக்குத்தான். 2016இல் யுனெஸ்கோ அந்த மலை இருக்கும் சிக்கிம் தேசியப் பூங்காவை இயற்கை, பண்பாடு இரண்டுக்கும் சேர்த்து உலக மரபிடமாக அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் அது. அங்கே ஓடும் வெறும் 26 கிலோமீட்டர் ஜெமு பனியாற்றுக்காகக் கிடைத்த பெருமை இல்லை.

தேன்மொழி: மலை சிக்கிம்-நேபாள எல்லையில் இருக்கிறது. 1955 குழு போனதே நேபாளப் பக்கமாக. இன்றும் அந்தப் பக்கம் ஏறுகிறார்கள். சிக்கிம் பக்கம் மட்டும் 2001இல் ஏறத் தடை போட்டு என்ன பயன்?

பனிமலையான்: தடை சும்மா வரவில்லை. 2000இல் ஆஸ்திரியக் குழு ஒன்றிடம் பணம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்தார்கள். அதற்கு அங்கே கிளம்பிய எதிர்ப்பு தெரியுமா? நான் சிக்கிமின் யுக்சோம் ஊரிலிருந்து மலைப்பாதையில் நடந்து போனவன். வழியில் ஜோங்ரி என்ற இடத்தில் விடியற்காலை, உச்சியில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த வழிகாட்டி சட்டென்று நின்றார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கைகூப்பினார். சில அடிதானே என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை: நடந்து போனவர் என்றால் எங்களுக்கு வாயில்லையா? முன்பு நாம் பேசிய கைலாய மலை விவாதத்திலும் இதே கதைதான். எத்தனை அடி? அதைச் சொல்லுங்கள்.

தேன்மொழி: முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். பூங்காவின் பெயர் காங்சென்ட்சோங்கா.

பனிமலையான்: தமிழில் எல்லாரும் எழுதுவதைத்தான் எழுதுகிறேன். பேச்சை மாற்றாதீர்கள். ஒரு அடியானாலும் வாக்கு வாக்குதான். கால் வைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை: சரி, அப்போது எத்தனை அடி?

பனிமலையான்: கைலாயத்தை இழுத்தது நீங்கள். அங்கேயும் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.