ஆயில் மாத்தினப்புறம் லெவல் மேக்ஸ் கோட்டுக்கு மேல நிக்குது, கிரேடும் வேற: ஓட்டலாமா?

புதுவண்டிக்காரன்:
வணக்கம் மக்களே, அவசரமா ஒரு உதவி. சின்ன டர்போ பெட்ரோல் வண்டி, டைரக்ட் இன்ஜெக்‌ஷன். ஒரு வொர்க்‌ஷாப்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தினேன், அதுல இருந்து காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் டிக் டிக்னு சத்தம் வந்து அப்புறம் அடங்குது. டிப்ஸ்டிக்க எடுத்துப் பாத்தா மேக்ஸ் கோட்டத் தாண்டி நல்லா மேலயே இருக்கு. பில்லுல 15டபிள்யூ-40, 4 லிட்டர்னு போட்டிருக்கு, மேனுவல்ல 5டபிள்யூ-30, ஏபிஐ (ஆயில் தரக் குறியீடு) எஸ்பி, ஃபில்டரோட சேத்து 3.3 லிட்டர். கேட்டா கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்கு நல்லது, கொஞ்சம் கூட இருந்தா ஒண்ணும் ஆகாதுங்கறாங்க. சீக்கிரமே தூரப் பயணம் போகணும், அப்படியே ஓட்டலாமா இல்ல திரும்ப மாத்தணுமா?

ஸ்பேனர்செட்:
ப்ரோ முதல்ல லெவல சரி பண்ணுங்க, கிரேடு பேச்செல்லாம் அதுக்கப்புறம். 3.3 புடிக்கிற இடத்துல 4 லிட்டர் கேன முழுசா கவுத்திருக்காங்க, முக்கால் லிட்டர் கிட்ட அதிகம். நிறைய வண்டில மின்னுக்கும் மேக்ஸுக்கும் நடுவுல மொத்தமே ஒரு லிட்டர் சுமார்தான் வித்தியாசம், அப்ப இது எவ்ளோ பெருசுன்னு பாத்துக்கோங்க. ஆயில் அவ்ளோ மேல வந்தா கீழ சுத்தற க்ராங்க்‌ஷாஃப்ட் அதுல அடிச்சு கலக்கும், நுரை கட்டும், பம்ப் ஆயிலோட காத்தையும் சேத்து இழுக்கும், பேரிங்குக்கு போக வேண்டிய பிரஷர் குறையும். சீல்ல கசிவும் ஆரம்பிக்கலாம்.

ஒரு தடவை ஒழுங்கா செக் பண்ணிடுங்க: சமதரைல நிறுத்தி, இன்ஜின் சூடான பிறகு ஆஃப் பண்ணி ஒரு 10 நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக்க துடைச்சு மறுபடி முழுசா உள்ள விட்டு எடுங்க (சில வண்டிக்கு குளிர்ந்த இன்ஜின்ல பாக்கணும், மேனுவல்ல இருக்கும்). அப்பவும் மேலயே நின்னா எடுத்தே ஆகணும்.

டர்போதாஸ்:
சத்தத்துக்கு காரணம் அந்த 15 ஆ இருக்க நிறைய வாய்ப்பு. டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிர்ந்த இன்ஜின்ல ஆயில் எவ்ளோ ஈஸியா ஓடுதுங்கறது, பின்னாடி இருக்கறது 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்குதுங்கறது. 15 கிரேடு ஆயில் மேல ஏற நேரமாகும், அதுவரைக்கும் வால்வ் பக்கம் காஞ்சு கிடக்கும். வேரியபிள் வால்வ் டைமிங் (வால்வ் திறக்கற நேரத்த மாத்தற அமைப்பு) இருந்தா அதுவும் ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது. கேன் கிடைச்சா பின்பக்கம் ஏபிஐ என்னன்னு பாருங்க.

புதுவண்டிக்காரன்:
காலி கேன கேட்டு வாங்கிட்டேன் அண்ணா. சிஐ-4னு மட்டும்தான் இருக்கு, எஸ்ல ஆரம்பிக்கற எதுவுமே இல்ல.

டர்போதாஸ்:
அப்ப அது டீசல் ஆயில் தம்பி, யோசிக்கவே வேணாம், எறக்கிடுங்க. எஸ்ல ஆரம்பிச்சா பெட்ரோல் இன்ஜினுக்கு, 'சி'ல ஆரம்பிச்சா டீசலுக்கு. உங்களது டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ங்கறதால இது இன்னும் முக்கியம். கம்மி ஆர்பிஎம்ல ஆக்ஸிலேட்டர அழுத்தறப்ப ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே எரிஞ்சு பிஸ்டன உடைக்கிற பிரச்சனை ஒண்ணு இந்த இன்ஜின்கள்ல உண்டு, எல்எஸ்பிஐம்பாங்க. ஆயில்ல கால்சியம் அதிகமா இருந்தா அது கூடும்னு கண்டுபிடிச்சு, அதுக்குன்னே டெஸ்ட் வெச்சுத்தான் 2018ல எஸ்என் பிளஸ், 2020ல எஸ்பி வந்துச்சு. சிஐ-4க்கு அந்த டெஸ்ட்டே கிடையாது. டீசல் ஆயில்ல பாஸ்பரஸும் அதிகமா இருக்கும், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு ஆகாது.

பழையஇன்ஜின்:
ஒரு சின்ன திருத்தம். 40ங்கறதே தப்புன்னு யாரும் எடுத்துக்காதீங்க, சில மேனுவல்ல வெளி வெப்பநிலைக்கு ஏத்த மாதிரி ரெண்டு மூணு கிரேடு டேபிளா போட்டிருப்பான், அதுல 40 இருந்தா தாராளமா ஊத்தலாம். டேபிள்ல இல்லாதத ஊத்தறதுதான் தப்பு.

ஸ்பேனர்செட்:
திரும்ப மாத்தறப்ப பக்கத்துலயே நில்லுங்க. ஃபில்டரும் புதுசு போடுங்க, அதுக்குள்ளயும் அந்த டீசல் ஆயில்தான் நிக்குது. சுழட்டி மாட்டற ஃபில்டரா இருந்தா பழைய ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிட்டு இருக்கான்னு கைவிட்டு பாக்க சொல்லுங்க, அதுக்கு மேலயே புதுச மாட்டினா ரெண்டு வளையத்துக்கு நடுவுல ஆயில் பிச்சிட்டு அடிக்கும். ட்ரெயின் போல்ட் (கீழ ஆயில் எறக்கற போல்ட்) வாஷரும் புதுசு. முதல்ல 3 லிட்டர் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் ஓடவிட்டு, ஆஃப் பண்ணி லெவல் பாத்து மிச்சத்த கொஞ்சம் கொஞ்சமா. பில்லுல கிரேடும் ஏபிஐயும் எழுதி வாங்குங்க, வாரண்டிக்கு கேப்பாங்க.

புதுவண்டிக்காரன்:
மாத்தியாச்சு. 5டபிள்யூ-30 எஸ்பி, லெவல் மேக்ஸுக்கு ஒரு நூல் கீழ, காலை சத்தம் சுத்தமா இல்ல. ரொம்ப நன்றி எல்லாருக்கும். உள்ள பழசு கொஞ்சம் மிச்சம் இருக்குமே, ஃப்ளஷ் பண்ணணுமா?

டர்போதாஸ்:
வேணாம் தம்பி, தங்கற கொஞ்சம் கலந்துடும், அடுத்த சேஞ்ச மட்டும் கொஞ்சம் முன்னாடியே பண்ணிடுங்க. பயணம் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி வண்டிக்கு அடில ஒரு அட்டை போட்டு வெச்சு, காலைல ஃபில்டருக்கும் ட்ரெயின் போல்ட்டுக்கும் கீழ சொட்டு விழுந்திருக்கான்னு பாத்துட்டு கிளம்புங்க. வழில சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சா அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, ஓரங்கட்டி உடனே இன்ஜின ஆஃப் பண்ணிடுங்க.