ஆஸ்பர்ன், பின்டர், டெலேனி: உங்களுக்கு எங்கே மாட்டினார்கள்?

மதுரையிலிருந்து

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு 1950-களின் லண்டன் நாடகாசிரியர்கள் ஒரு மனப்பாடப் பகுதி. ஆஸ்பர்ன் என்றால் கோபக்கார இளைஞன். வெஸ்கர் என்றால் கிச்சன் சிங்க் நாடகம், அதாவது சாதாரண வீட்டுச் சமையலறை வாழ்க்கையை அப்படியே காட்டுவது. பெக்கெட், பின்டர் என்றால் அபத்த நாடகம். நோட்ஸில் உள்ளதை அப்படியே இறக்கிவைத்தால் மார்க் வந்துவிடும். நாடகத்தைப் படித்தாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பார்த்தாயா என்று கேட்கவோ வழியே கிடையாது. அதனால் இங்கே இயக்கம், போக்கு, பாணி எல்லாம் வேண்டாம். இந்த நாடகங்களில் ஏதாவது ஒன்று உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

கல்லூரி விழாவுக்கு ஆஸ்பர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' நாடகத்தைச் சுருக்கிப் போட்டோம். எனக்கு வேடம் இல்லை. சைடு விங்கில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை. கையில் புத்தகத்தோடு ஒத்திகை முழுக்க நின்றதால் ஜிம்மி போர்ட்டரின் வசைமாரி எனக்குத் தலைகீழ்ப் பாடம். பட்டப்படிப்பு படித்துவிட்டுச் சந்தையில் மிட்டாய்க் கடை போட்டிருப்பவன். ஞாயிற்றுக்கிழமை பேப்பர், மாமியார், தேவாலய மணி, மனைவியின் மௌனம் என்று எதையும் விட்டுவைக்காமல் திட்டுகிறான். படிக்கும்போது நாடகம் முழுக்க அவன்தான் இருக்கிறான் என்று தோன்றும். மேடையில் அப்படி இல்லை. எல்லார் கண்ணும் அவன் மனைவி அலிசன் மேல்தான். அவள் பேசுவதே இல்லை, துணி தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். ஹாஸ்டல் வார்டனிடம் கெஞ்சி வாங்கிய பழைய கனமான இஸ்திரிப் பெட்டி அது. அவன் ஒரு வாக்கியம் முடிக்கும்போதெல்லாம் அது பலகையில் 'டொக்' என்று இறங்கும். இயக்கிய சீனியர் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்தப் பெண்ணுக்குத் தானாக வந்தது.

முதல் அங்கத்தில் ஜிம்மியும் நண்பன் கிளிஃபும் கட்டிப் புரண்டு அந்த இஸ்திரி மேசை மேல் மோத, அலிசனின் கை சுட்டுவிடும். அவள் கர்ப்பமாக இருப்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. மூன்றாம் அங்கத்தில் திரை விலகும்போது மறுபடி ஒரு ஞாயிறு மாலை. அதே அறை, அதே மேசை. தேய்ப்பது அலிசன் இல்லை, அவளுடைய தோழி ஹெலனா. ஒரு வசனமும் வருவதற்கு முன்பே எங்கள் ஹாலில் முன்வரிசைப் பெண்களிடமிருந்து 'ஐயோ' என்று ஒரு சத்தம் எழுந்தது. கோபக்கார இளைஞன் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினாலும் அந்த 'ஐயோ'வைப் பிடிக்க முடியாது. ஜிம்மியைக் கதாநாயகன் என்று சொல்ல அன்றைக்கே எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அந்தப் பட்டப் பெயரும் ஒன்றும் பெரிய விமர்சகர் வைத்ததல்ல. 1956 மே 8-ல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் நாடகம் வந்தபோது ஆஸ்பர்னுக்கு வயது 26. அவரை 'கோபக்கார இளைஞர்' என்று முதலில் சொன்னவர் அந்த அரங்கத்துக்கு விளம்பர வேலை பார்த்தவர். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஞாயிறு இதழ் 'அப்சர்வரில்' விமர்சகர் கென்னத் டைனன் தூக்கி வைத்து எழுதினார். ஆனால் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பகுதியைக் காட்டிய பிறகுதான் கூட்டம் வந்தது.

இன்னொன்று. அலிசனின் அப்பா கர்னல் ரெட்ஃபெர்ன் நம் நாட்டில் ஒரு மகாராஜாவின் படையை நடத்திவிட்டு 1947-ல் ஊர் திரும்பியவர். இங்கே கழிந்த மாலைகளை நினைத்து ஏங்குவார். எங்கள் பேராசிரியர்தான் அந்த வேடம். உருகி உருகிப் பேசினார். பின்வரிசையில் ஒரு பெரியவர், "போனா போய்த் தொலையட்டும்!" என்று உரக்கச் சொன்னார். இங்கிலாந்தில் எங்கும் இந்தக் காட்சிக்கு இப்படி ஒரு பதில் கிடைத்திருக்காது.

திருச்சியிலிருந்து

தம்பி சொன்ன நோட்ஸ் கதையில் நானும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவள்தான், ஆசிரியை என்பதால். பின்டரின் 'தி பர்த்டே பார்ட்டி' பாடமாக வந்த ஆண்டு, விளக்கமே சொல்லாமல் வகுப்பில் வாசிக்க விட்டேன். ஆரம்பத்தில் விடுதி வீடு நடத்தும் மெக் கணவனுக்கு கார்ன்ஃப்ளேக்ஸ் வைத்துவிட்டு நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ஊம் கொட்டுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க வீட்ல தினம் இதான் மேம்" என்றாள் ஒருத்தி. அபத்தமாவது ஒன்றாவது!

தேடி வந்த அந்நியர்கள் கோல்ட்பெர்க்கும் மெக்கேனும் அந்த வீட்டில் தங்கியிருக்கும் ஸ்டான்லியை உட்கார வைத்து மாறி மாறிக் கேள்வி கேட்கும் இடம் வந்தது. முதலில் அதுவும் சிரிப்பாகத்தான் போனது. கேள்விகளுக்கு அர்த்தம் இல்லை, பதிலுக்கு இடமும் இல்லை. இரண்டு பையன்கள் வேகம் எடுத்து வாசிக்க, ஸ்டான்லியாக வாசித்த பையன் உண்மையிலேயே திணறிவிட்டான். சிரிப்பு எந்த வரியில் நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் யார், எந்த அமைப்பு, ஸ்டான்லி என்ன தப்பு செய்தான் என்று அப்புறம் கேட்டார்கள். நாடகம் கடைசி வரை சொல்வதில்லை என்றதும் பாதிப் பேருக்குக் கோபம்.

லண்டன்காரர்களுக்கும் அதே கோபம்தான். 1958 மே 19-ல் ஹேமர்ஸ்மித் லிரிக் அரங்கில் தொடங்கியது. தினசரிகள் எல்லாம் சேர்ந்து சாத்தின சாத்தில் ஒரே வாரத்தில் மூடிவிட்டார்கள். வியாழக்கிழமை பகல் காட்சிக்குப் பின்டரே போனார், அரங்கில் மொத்தம் ஆறு பேர். 'சண்டே டைம்ஸில்' விமர்சகர் ஹெரால்டு ஹாப்சன் இவர்தான் இன்றைய லண்டன் நாடகத்தில் மிகவும் தனித்துவமானவர் என்கிற தோரணையில் எழுதியது அச்சாகி வருவதற்குள் நாடகம் போய்ச் சேர்ந்துவிட்டது. 2005-ல் அதே பின்டருக்கு நோபல். மதிப்பெண் குறைந்தால் அழுகிற பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வேன்.

வாசிப்பில் ஒரு தொல்லை உண்டு. 'பாஸ்' (pause, பேச்சை நிறுத்தும் இடம்) என்று அச்சிட்டிருப்பதை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். நான் மேசையைத் தட்டி நிறுத்துவேன். சில சமயம் அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை தன்னையறியாமல் அடுத்தவரை ஏறிட்டுப் பார்க்கும். அது போதும். இதை வைத்து இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று பின்டருக்கே பிற்காலத்தில் அலுத்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சால்ஃபோர்டிலிருந்து

டீச்சர் சொன்ன நாடகம் மூடிய அதே வாரம் முடிந்து மூன்றாம் நாள், மே 27, கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டு ராயல் தியேட்டரில் இன்னொன்று தொடங்கியது: 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'. எழுதியது மான்செஸ்டரை ஒட்டிய எங்கள் சால்ஃபோர்டுப் பெண் ஷீலா டெலேனி, வயது 19. 'எங்கள்' என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நர்ஸ் வேலைக்கு இங்கே வந்து வருடங்கள் ஆயிற்று, பிள்ளைகள் இந்த ஊர் உச்சரிப்பில்தான் பேசுகிறார்கள்.

எனக்கு இலக்கியம் தெரியாது. வார்டில் ஒரு பாட்டி இருந்தார். ஊசி போட வந்தால் வலி என்று சொல்லமாட்டார், என் செருப்பைப் பற்றி ஒரு நக்கல் வரும். மகள் பார்க்க வந்தால் இரண்டு பேரும் மாறி மாறி வாரிக்கொள்வார்கள். மகள் கிளம்பினதும் "சாப்பிட்டாளா, கேட்டியா?" என்பார் என்னிடம். அவர்தான் இந்த ஊர்க்காரி ஒருத்தியின் நாடகம் இருக்கிறது, போய்ப் பார் என்றார். போனேன். ஹெலனும் மகள் ஜோவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டை வீட்டுக்குள் நுழையும் முதல் காட்சியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசல் என் பாட்டியும் அவர் மகளும்! ஜன்னலுக்கு வெளியே கேஸ் தொழிற்சாலை, ஆடு மாடு அறுக்கும் கூடம். ஜோ ஒரு கறுப்பு மாலுமியிடம் கர்ப்பமாகிறாள். அவளுக்குச் சமைத்துப்போட்டு வீட்டைப் பெருக்கி, பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வது ஜெஃப் என்ற ஓரினச்சேர்க்கையாளன். 1958-ல் அந்த உறவு இங்கே சட்டப்படி குற்றம்.

டெலேனி ஒரு பெரிய நாடகாசிரியரின் நாடகத்தை மான்செஸ்டரில் பார்த்துவிட்டு, இதைவிட நான் நன்றாக எழுதுவேன் என்று உட்கார்ந்து எழுதியதாம். இயக்குநர் ஜோன் லிட்டில்வுட் அதை வாங்கி, மேடையிலேயே ஜாஸ் வாத்தியக்காரர்களை உட்கார வைத்து, ஆட்களை நேராகப் பார்வையாளர்களைப் பார்த்துப் பேசவிட்டார். பாட்டி டிஸ்சார்ஜ் ஆகும்போது நாடகம் பார்த்துவிட்டேன் என்றேன். "அம்மாக்காரிதான் சரி" என்றார்.

லண்டன், ஈஸ்ட்ஹாமிலிருந்து

தங்கச்சி, பாட்டி சொன்னது எனக்கும் சரியாகத்தான் படுகுது.

நான் சொல்ல வந்தது பின்டருடைய பிற்கால நாடகங்களில் ஒன்று, 'மவுண்டன் லாங்குவேஜ்'. 1988-ல் நேஷனல் தியேட்டரில் வந்தது. இருபது நிமிடம் சொச்சம்தான். நான் பார்த்தது வெகு காலம் பின்னால், ஒரு பப்புக்கு மேலே உள்ள சின்ன அறையில். அம்மாவைத் தனியே விட முடியாமல் கூட்டிக்கொண்டு போனேன். அவவுக்கு ஆங்கிலம் ஓடாது.

சிறைச் சுவருக்கு முன்னால் பெண்கள் நாள் முழுக்க வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கிழவியின் கையை நாய் கடித்துக் குதறிவிட்டது. கடித்த நாயின் பெயர் என்ன, பெயர் தெரியாமல் முறைப்பாடு எடுக்க முடியாது என்கிறான் அதிகாரி. உங்கள் மொழி தடை, பேசக் கூடாது என்கிறான். கிழவிக்கு வேறு மொழி தெரியாது. சிறையில் இருக்கும் மகனுக்கு முன்னால் கூடையோடு உட்கார்ந்து பாண் (ரொட்டி) கொண்டு வந்திருக்கிறேன், ஆப்பிள் கொண்டு வந்திருக்கிறேன் என்று தன் மொழியில் சொல்ல, காவலாளி குத்துகிறான். இலங்கையில் வெளிக்கடைச் சிறை வாசலிலும் பூசா முகாமிலும் பார்சலோடு நின்ற தாய்மாரைத் தெரிந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடைசிக் காட்சியில் சட்டம் மாறிவிட்டது, மறு அறிவித்தல் வரை அவள் பேசலாம் என்கிறார்கள். மகன் முகமெல்லாம் இரத்தத்தோடு, அம்மா பேசு, இப்ப பேசலாம் என்கிறான். அவள் பேசுவதில்லை. அசைவதும் இல்லை. அவன் நடுங்கி விழுகிறான். சார்ஜன்ட் வந்து, இவங்களுக்கு உதவி செய்யப் போனால் இப்படித்தான் என்று அலுத்துக்கொள்கிறான். முடிந்தது.

கிழவி உடைந்து போய்விட்டாள், மொழி அவளுக்குள்ளேயே செத்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வாசித்த கட்டுரைகளும் அப்படித்தான் சொல்லின. வெளியே வந்ததும் அம்மா சொன்னா: "அவவுக்கு விளங்காமலில்லை. அவங்கள் விட்ட நேரத்திலயோ கதைக்கிறது எண்டு இருக்கிறா." ஆங்கிலம் தெரியாமல் பார்த்தவவின் வாசிப்பு அது. எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பின்டர் 1985-ல் அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரோடு துருக்கிக்குப் போய், எழுத்தாளர்கள் பட்ட சித்திரவதையைக் கேட்டறிந்தவர். அங்கே குர்து மக்களின் மொழிக்கு இருந்த தடையில்தான் நாடகத்தின் விதை. அது அவர்களைப் பற்றியது மட்டுமில்லை என்றும் சொன்னார். 1996-ல் வட லண்டனில் குர்து நடிகர்கள் இதையே ஒத்திகை பார்த்தார்கள். கையில் இருந்த பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கண்டு யாரோ தகவல் கொடுக்க, ஆயுதப் பொலிஸ் வளைத்துப் பிடித்தது. பிடித்து வைத்த நேரம் குர்து மொழியில் பேசக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். நாடகத்தை எழுதின ஆள் கூட இப்படி ஒரு காட்சி வைக்கத் துணிந்திருக்கமாட்டார்.

சென்னையிலிருந்து

அண்ணே, போலீஸ் பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். சின்னக் குழு எங்களுடையது. பின்டரின் 'தி டம்ப் வெய்ட்டர்' எடுத்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை, இரண்டே நடிகர், ஒரே அறை. பென், கஸ் என்று இரண்டு கூலிக் கொலையாளிகள் நிலவறையில் உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள். சுவரில் உள்ள லிஃப்ட் பெட்டி மேலேயிருந்து தடால் என்று இறங்கும். உள்ளே ஒரு சீட்டு, சாப்பாட்டு ஆர்டர். இவர்களிடம் பிஸ்கெட், சாக்லேட் மாதிரி கொஞ்சம்தான் இருக்கிறது, பயத்தில் அதையே அனுப்புவார்கள். அந்தப் பெட்டிக்கு எங்களிடம் பணம் இல்லை. ஊரில் வீட்டுக் கிணற்றுக் கப்பியையும் கயிற்றையும் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினோம். எண்ணெய் போடாததால் 'கிரீச்' என்று அழுதது. சவுண்டுக்காரர், "தம்பி, நான் எதுவும் போட வேண்டாம், இதுவே பயமா இருக்கு" என்றார்.

அந்தக் காலத்தில் இங்கே நாடகம் போட ஸ்கிரிப்டைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஒரு அலுவலகத்தில் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். 'மௌனம்' என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க என்ன பேசுவாங்க?" என்றார். ஒண்ணும் பேசமாட்டாங்க சார். "ஒண்ணும் பேசாம எதுக்கு எழுதி வெச்சிருக்கீங்க? மேடையில ஏதாவது சேத்துப் பேசுவீங்க." எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம், மௌனத்தில் எதுவும் பேசமாட்டோம் என்று. பின்டருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

எம்.ஆர். ராதாவின் நாடகங்களை நிறுத்தப் பிறந்த 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. இங்கிலாந்திலும் கதை இதேதான், வயதுதான் கூட. 1737-லிருந்து அரண்மனை அதிகாரியான லார்டு சேம்பர்லேன் கையெழுத்து இல்லாமல் பொது மேடையில் புது நாடகம் ஏற முடியாது. பெக்கெட்டின் 'எண்ட்கேம்' ஆங்கிலத்தில் வந்தபோது கடவுளைத் திட்டுகிற ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் கொஞ்சம் மிதமான இன்னொரு வசவைப் போட்டுத் தீர்த்தார்கள். கடவுள் இல்லை என்ற பகுதிக்கு ஆட்சேபம் இல்லை, அவரைத் திட்டுவதில்தான் அளவு! 1965-ல் எட்வர்டு பாண்டின் 'சேவ்டு' வந்தது. பூங்காவில் தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையைப் பையன்கள் கல்லால் அடித்துக் கொல்லும் காட்சி. ராயல் கோர்ட் அந்தக் கையெழுத்தைத் தவிர்க்கத் தன்னை உறுப்பினர் கிளப்பாக மாற்றிக்கொண்டு போட்டது, வழக்கில் தோற்றது. ஆனால் 1968-ல் அந்தத் தணிக்கையே ஒழிந்தது.

மதுரையிலிருந்து மறுபடி

கப்பி யோசனை அருமை, எங்கள் குழுவுக்குத் திருடிக்கொள்கிறேன். ஈஸ்ட்ஹாம் அம்மா சொன்ன விளக்கத்தை அடுத்த முறை வகுப்பில் வையுங்கள் டீச்சர், என்ன சண்டை வருகிறது என்று பார்ப்போம்.

வெஸ்கர் பக்கம் யாரும் வரவில்லையே. 1959-ல் கவென்ட்ரியில் முதலில் வந்த 'ரூட்ஸ்' எடுக்கலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நாயகி பீட்டி மேடையிலேயே கேக் செய்கிறாள், அம்மாக்காரி உருளைக்கிழங்கு தோலுரிக்கிறாள், எல்லாம் நிஜ வேகத்தில். வெஸ்கரே பேஸ்ட்ரி சமையல் வேலை பார்த்தவர், எத்தனை நிமிடம் கிளற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆடிட்டோரியத்தில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். யாராவது மேடையில் பார்த்திருந்தால் சொல்லுங்கள்: வாசனை வந்ததா?