செதுக்குவதற்குச் சீடர் மரம் ஏற்றதா?

சிற்றுளி:
மேற்கத்தியச் செஞ்சீடர் பலகை ஒன்றில் பறக்கும் கொக்கைப் புடைப்பாகச் செதுக்கிவருகிறேன். உடலும் கழுத்தும் தடையில்லாமல் வந்தன. இறகு நுனிக்கு வந்ததும் தொல்லை தொடங்கியது. சிறிய நகவுளியை இழைக்குக் குறுக்கே தள்ளினால், வெட்டிய இடம் வழவழப்பாக இல்லை. பிய்த்த பஞ்சுபோல் கிடக்கிறது. இன்னொரு தள்ளு தள்ளினேன், மூன்று இறகு நுனிகளும் ஒரே சிம்பாகப் பெயர்ந்து வந்துவிட்டன. குறை மரத்திலா, என் கையிலா?

வைரக்கட்டை:
மரத்தில்தான். செஞ்சீடர் கூரைக்கும் வேலிக்கும் நல்ல மரம். நுணுக்க வேலைக்கு ஆகாது. பலகையின் முனையை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டு வளையத்திலும் வெளிறிய அகன்ற பட்டை ஒன்றும், கருத்த மெல்லிய கோடு ஒன்றும் தெரியும். வெளிறிய பகுதி அமுக்கினாலே நசுங்கும், கருத்த கோடு உளியை எதிர்க்கும். உளி ஒன்றில் அமிழ்ந்து மற்றதில் தாவுகிறது. உங்கள் பஞ்சு அங்கிருந்துதான் வருகிறது. செதுக்குவோர் விரும்பும் பாஸ்வுட் என்ற மென்மையான மரத்துக்கு மாறிவிடுங்கள்.

வாய்ச்சி:
கடுமையாக மறுக்கிறேன். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஹைடா முதலிய மக்கள், குலச் சின்னமான விலங்கு, பறவை உருவங்கள் கொண்ட தங்கள் குலக் கம்பங்களை இந்தச் செஞ்சீடரில்தான் செதுக்கினார்கள், இன்றும் செதுக்குகிறார்கள். ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தின் ஸ்கங் குவாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கம்பங்கள் மழையிலும் கடற்காற்றிலும் இன்னும் நிற்கின்றன. 1981இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஒரு மக்களின் சிற்ப மரபையே சுமந்த மரத்தை வேலிக்கட்டை என்று தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வைரக்கட்டை:
அந்தச் சிற்பங்களின் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் இரண்டு வெவ்வேறு குணங்களைக் கலக்கிறீர்கள். மழையில் மட்காமல் நிற்பது மரத்தின் வைரப்பகுதியில் உள்ள இயற்கை வேதிப்பொருள்களால். உளிக்கு இணங்குவது வேறு குணம். தவிர, கம்பத்தின் கண்ணும் அலகும் சாண் கணக்கில், முழக் கணக்கில் இருப்பவை. நண்பரின் இறகு நுனி தீக்குச்சிக் கனம்கூட இருக்காது.

மென்மையைக் குறை சொல்லவில்லை என்பதையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜான்கா அளவில் செஞ்சீடரின் கடினம் ஏறத்தாழ 350 பவுண்டு விசை, பாஸ்வுட் ஏறத்தாழ 410. இரண்டுமே மென்மரம்போல் வெட்டுப்படுபவை. இருந்தும் பாஸ்வுட்டில் கண்ணிமை வரை செதுக்கலாம். அதன் இழை ஒரே சீராக இருப்பதுதான் காரணம்.

வாய்ச்சி:
சீர்மைதான் சிக்கல் என்றால் மரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். அடர்ந்த காட்டு நிழலில் மெதுவாக வளர்ந்த சீடரில் வளையங்கள் நெருங்கியிருக்கும். வெளிறிய பட்டை குறுகிவிடும். விரைந்து வளர்ந்த மரத்தில்தான் அது அகன்று கிடக்கும். சிற்றுளி, உங்கள் பலகையில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை வளையங்கள்?

சிற்றுளி:
இப்போதுதான் எண்ணினேன். இரண்டு, சில இடங்களில் இரண்டரை.

வாய்ச்சி:
அதுதான் விஷயம். எட்டு, பத்து வளையங்கள் உள்ள துண்டைத் தேடுங்கள். உளியின் வாய்ச் சரிவையும் 30 பாகையிலிருந்து 20 பாகைக்குக் குறைத்துத் தீட்டி, கடைசியில் தோல்வாரில் இழுங்கள். கடின மரத்தில் மழுங்கல் உளியைக் கொட்டாப்புளியால் அடித்து ஒப்பேற்றலாம். சீடர் அதை மன்னிக்காது.

மரவாசம்:
எந்தச் சீடர் என்று பிரிக்காமல் பேசினால் இந்த வழக்கு தீராது. பைபிளில் கேதுரு என்று வரும் லெபனான் மரமும் இமயத்துத் தேவதாருவும் பைன் குடும்பத்தவை. செஞ்சீடரும் மஞ்சள் சீடரும் சைப்ரஸ் குடும்பம். பென்சிலுக்குப் பெயர்பெற்ற கிழக்குச் செஞ்சீடர் உண்மையில் ஜூனிபர். ஸ்பானிய சீடரோ நம் வேம்பின் குடும்பம்!

நுணுக்க வேலைக்கு மஞ்சள் சீடரைக் கேளுங்கள். அதில் வளையத்தின் இரு பகுதிகளுக்கும் வேறுபாடு மிகக் குறைவு, இழை நெருக்கமானது. ஹைடா மரபில் வந்த சிற்பி பில் ரீட், 1980இல் முடித்த ‘காக்கையும் முதல் மனிதர்களும்’ சிற்பத்தை மஞ்சள் சீடர் கட்டைகளை ஒட்டிச் சேர்த்துத்தான் செதுக்கினார். சிப்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அந்த மனிதர்களின் முகங்களைப் பார்த்தவர்கள் சீடரில் நுணுக்கம் வராது என்று சொல்லமாட்டார்கள்.

வைரக்கட்டை:
மஞ்சள் சீடரை ஒப்புக்கொள்கிறேன். என் எதிர்ப்பு செஞ்சீடருக்கு மட்டும்.

தூசு பற்றி யாரும் பேசவில்லையே! செஞ்சீடரில் உள்ள பிளிக்காட்டிக் அமிலம் ஆஸ்துமாவைத் தூண்டும். மரஆலைத் தொழிலாளர்களிடையே நன்கு அறியப்பட்ட நோய் இது. இரண்டு மாலைகள் முகமூடி இல்லாமல் உப்புத்தாள் தேய்த்துவிட்டு, இரவில் நெஞ்சடைத்து எழுந்து உட்கார்ந்தவன் நான். செதுக்கச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாய்ச்சி:
சரியான எச்சரிக்கை, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முகமூடி கட்டாயம். உப்புத்தாளே வேண்டாம் என்பேன். அது மென்பட்டையை அரித்துக் கருங்கோட்டை மேடாக நிறுத்திவிடும். உளி வெட்டிய பரப்பை அப்படியே விடுவதுதான் இந்த மரத்துக்கு அழகு. இன்னொன்று: உளி தீட்டிய ஈரக் கையோடு மரத்தைத் தொடாதீர்கள். இரும்புத் துகளும் ஈரமும் பட்டால் செஞ்சீடர் கறுத்துவிடும்.

சிற்றுளி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். வளையம் நெருங்கிய துண்டு கிடைத்தது, சென்டிமீட்டருக்கு ஒன்பது. சரிவைக் குறைத்துத் தீட்டினேன். குறுக்கு வெட்டு பளபளவென்று வந்தது, பஞ்சே இல்லை. இறகுகளை இழை ஓடும் திசைக்குத் திருப்பி வரைந்ததால் நான்கு நுனிகள் நிலைத்தன. ஐந்தாவது குறுக்கே போகும் இறகு, அது உடைந்தது.

வைரக்கட்டை:
அந்த ஐந்தாவது இறகைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாய்ச்சி:
அதை உடலோடு ஒட்டிய மடக்கிய இறகாக மாற்றுங்கள். ஒரு விரற்கடைக் கனம் பின்னால் இருந்தால் நிற்கும்.

சிற்றுளி:
மடக்கிய இறகை இன்று பென்சிலால் வரைந்துவிட்டேன். அடுத்த கொக்குக்கு மஞ்சள் சீடர் துண்டு ஒன்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.