தங்கச்சி ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகோணும்ங்குது, வீட்ல எப்படிப் பேசறதுங்க?

கோபிக்காரன்:
வணக்கம்ங்க. தங்கச்சி பிஎஸ்சி நர்சிங் முடிச்சுட்டு கோயமுத்தூர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஐசியூ டியூட்டி பாக்குதுங்க. ஜெர்மன் பாஷை கிளாஸ்ல மொதப் படி ஏ1 முடிச்சாச்சு, அடுத்த படி ஏ2 போயிட்டிருக்குது. எனக்குச் சம்மதந்தாங்க, அப்பாதான் வர்ற தையில கல்யாணம் பேசோணும், ஒறம்பரையெல்லாம் என்ன பேசுவாங்கன்னு பொலம்பிட்டே இருக்காரு, அம்மா எந்தப் பக்கமும் வாயத் தொறக்க மாட்டேங்குது. இதுக்கு நடுவுல ஈரோட்ல ஒரு ஏஜென்ட் நாலரை லட்சம் கேக்கறாருங்க. பாதி முன்பணமாம், ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவங்ககிட்டயே இருக்கோணுமாம். மஞ்சள் வித்த காசு கையில இருக்குது, குடுத்தறலாமுங்களா?

காங்கயத்து நர்ஸ்:
தம்பி, அந்தக் காச மொதல்ல பேங்க்லயே வைங்க. நான் இங்க ஜெர்மனிலதான் வேலை பாக்கறேன். ஆள எடுக்கற செலவ ஆஸ்பத்திரிதான் ஏத்துக்கோணும், நர்ஸ்கிட்ட வாங்கக்கூடாதுங்கறது இங்க நியாயமான முறை, அப்படி நடந்துக்கற ஏஜென்சிக்கு அரசாங்க முத்திரையே உண்டு. நம்மூர் கணக்குப்படி பாத்தாலும் லைசென்ஸ் வாங்கின ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் தவிர சர்வீஸ் சார்ஜ்னு வாங்கக்கூடாதுங்க. லைசென்ஸ் வாங்கின ஏஜென்ட் பேரெல்லாம் இருக்கற இமைக்ரேட்ங்கற மத்திய அரசு சைட்ல அவுரு பேர் இருக்குதான்னு தேடிப்பாருங்க. சென்னைல வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பற தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978ல இருந்து இருக்குது, அங்கயும் ஒரு வார்த்தை கேளுங்க. ஒரிஜினல யாருகிட்டயும் குடுக்காதீங்க, வெத்துச் செக்குல கையெழுத்தும் வேண்டாம்.

இன்னொன்னு, வந்து எறங்கினதும் நர்ஸ்னு போட்டுக்க மாட்டாங்க. நம்ம படிப்ப அவங்க படிப்போட வச்சுப் பாத்து எது கொறையுதுன்னு லெட்டர் குடுப்பாங்க, அதுக்குப் பயிற்சி எடுக்கோணும், இல்லீனா பரிட்சை எழுதோணும். அது முடியற வரைக்கும் சம்பளம் கம்மிதான். நோயாளியக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி உடற வேலையும் இங்க நர்ஸ்தான் பாக்கோணும், ஐசியூல மெஷின் பாத்துப் பழகின புள்ளைக்கு இது மொதல்ல கஷ்டமா இருக்கும், இதைய எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டான். நர்ஸா அங்கீகாரம் கெடைக்க ஜெர்மன் பாஷைல பெரும்பாலும் பி2 கேப்பாங்க, அது ஏ2, பி1 தாண்டி வர்ற படி. அதுக்கு எழுதற கோத்தேங்கற ஜெர்மன் பாஷைப் பரிட்சைல படிக்கறது, கேக்கறது, எழுதறது, பேசறதுன்னு நாலு பகுதி, ஒண்ணுல போனா அத மட்டும் திரும்ப எழுதலாம், அதனால ஒரு தடவை போச்சுன்னு புள்ளய வைய வேண்டாம்.

பெருந்துறை மாமா:
எல்லாஞ் சரிங்க, ஆனா வயசு ஏறிருச்சுன்னா நல்ல எடம் அமையுமா? கல்யாணத்த முடிச்சு அனுப்புங்க, மாப்பள கூடவே போயிக்கட்டும்.

அந்தியூர் அம்மிணி:
ஏனுங் மாமா, நம்ம பக்கம் தோட்டம் தொரவு இருக்கற பசங்களுக்கே பொண்ணு கெடைக்காம புரோக்கர் வீட்டுக்கு நடையா நடக்கறாங்க, இதுல வேலைல இருக்கற புள்ளைக்கு எடம் அமையாதுங்களா 😀 கல்யாணம் முடிஞ்சப்பறம் "மாமியாருக்கு ஒடம்பு செரியில்ல, அடுத்த வருசம் பாத்துக்கலாம்"னு நின்னுபோன கேஸ் எங்க சொந்தத்துலயே ரெண்டு மூணு இருக்குது.

கோபி தம்பி, சம்மதம்னு சொன்னாப் பத்தாதுங்க. நைட் டியூட்டி முடிச்சு வர்ற புள்ள லீவு நாள்ல ஊருக்கு வந்தும் பாத்திரங் கழுவி, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துட்டிருந்தா ஜெர்மன் எப்ப படிக்கும்? அந்தச் சோலிய நீங்க எடுத்துக்கோங்க. புள்ளைக்குன்னு எடுத்து வச்ச நகைக் காசுல கொஞ்சம் கிளாசுக்குக் கட்டுங்க. அக்கவுன்ட் அவ பேர்லயே இருக்கட்டும், ஏடிஎம் கார்டும் அவகிட்டயே இருக்கட்டும். அவ அங்க போன மொத மாசமே "மேல் மாடி கட்டோணும், அனுப்பு"ன்னு ஆரம்பிச்சறாதீங்க, அந்தக் கதைய நான் நெறையப் பாத்துட்டேன்.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. இமைக்ரேட்ல தேடினேன், அந்த ஏஜென்ட் பேரே இல்லீங்க. போன் பண்ணிக் கேட்டா "நாங்க கன்சல்டன்சி, எங்களுக்கு லைசென்ஸ் வேண்டியதில்ல"ன்னு கோவமாப் பேசறாரு, வேண்டாம்னு சொல்லிட்டேன். இதையெல்லாம் அப்பாகிட்டப் படிச்சுக் காட்டினேனுங்க. மாடிக் கதைக்குச் சிரிச்சாரு, கல்யாணத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. இப்ப காயிதமெல்லாம் எதுல இருந்து ஆரம்பிக்கறதுங்க அக்கா? அப்பறம் அப்பா கேக்கச் சொன்னாரு, அங்க நம்ம சோறு கெடைக்குமாம்மா?

காங்கயத்து நர்ஸ்:
தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு செல்லுபடில இருக்குதான்னு பாருங்க, வேலை பாத்த ஆஸ்பத்திரில எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இப்பவே கேட்டு வாங்குங்க, வேலைய உட்டப்பறம் கேட்டா இழுத்தடிப்பாங்க. காலேஜ்ல எந்தப் பாடம் எத்தனை மணி நேரம்னு இருக்கற பேப்பர் ரொம்ப முக்கியம், அதைய வச்சுத்தான் ஒப்பிடுவாங்க. சோத்துக்கு அப்பா வெசனப்பட வேண்டாம்னு சொல்லுங்க, பெரிய ஊர்கள்ல சிலோன் தமிழ் கடைக இருக்குது, அரிசி பருப்பெல்லாம் கெடைக்கும். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கத் தெரியுமா புள்ளைக்கு?