வேர்க்குழல் சிகிச்சை வலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை: சர்க்கரை நோய் உள்ளவர் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி

என் தாயாருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் மூன்று நாட்களாகக் கடும் வலி. பல்கூழ் (பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் மென்திசு) மீள முடியாத அளவுக்கு அழற்சியடைந்துவிட்டது என்று கூறி, நாளை மறுநாள் வேர்க்குழல் சிகிச்சை (ரூட் கேனால்) செய்வதாகப் பல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு 4 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றும், பிறகு தேவைப்பட்டால் இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையும் எழுதித் தந்தார். அம்மா பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். பதற்றத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டோம். பல்வலிக்கு ஸ்டீராய்டு எதற்கு, சாதாரண வலி மாத்திரை போதாதா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (வேர்க்குழல் சிகிச்சை செய்யும் பல் மருத்துவர்)

முதலில், இன்றே உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அழற்சி அடைந்த திசுவில் உயிரணுச் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் பிரிந்து, அதிலிருந்து வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களும் லூக்கோட்ரையீன்களும் உருவாகின்றன. இபுபுரூஃபன் இதில் புரோஸ்டாகிளாண்டின் உண்டாகும் கிளையை மட்டுமே தடுக்கிறது. ஸ்டீராய்டோ அந்த அமிலம் பிரியும் இடத்திலேயே, அதாவது இரண்டு கிளைகளுக்கும் முந்தைய படியிலேயே குறுக்கிடுகிறது. டெக்ஸாமெத்தசோனின் செயல்பாடு உடலில் ஒன்றரை நாளுக்கு மேல் நீடிக்கும் என்பதால், சிகிச்சைக்குப் பின் வலி மிகுந்திருக்கும் முதல் 24 மணி நேரத்தை ஒரே வேளை மருந்து பெரும்பாலும் கடத்திவிடுகிறது. பல ஆய்வுகள் இந்தப் பலனை உறுதிசெய்துள்ளன. அழற்சியுள்ள கீழ்ப்பல்லில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காமல் நோயாளி துடிப்பதும் உண்டு; முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்தால் ஊசி பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் அதை எழுதியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே நல்ல நிவாரணம் தருகின்றன. வலியின் மூலம் குழல்களுக்குள் இருக்கிறது. அவற்றைச் சரியாகச் சுத்தம் செய்வதற்கு எந்த மாத்திரையும் ஈடாகாது.

பதில் 2 (சர்க்கரை நோயாளி)

எனக்கும் இதே போன்ற ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பல்வலி குறைந்தது உண்மை. ஆனால் சர்க்கரை அளவு மறுநாளும் வழக்கத்தைவிட வெகுவாக உயர்ந்தே இருந்தது, மூன்றாம் நாள்தான் இறங்கியது. எனவே எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னால், இரண்டு நாட்களுக்காவது வீட்டிலேயே அடிக்கடி அளந்து பாருங்கள்.

பதில் 3 (மருந்தாளுநர்)

ஒரே ஒரு வேளை எடுக்கும் ஸ்டீராய்டால் எலும்பு தேயும், முகம் வீங்கும் என்று அஞ்ச வேண்டாம். அவை நெடுநாள் எடுத்துக்கொள்பவர்களுக்கு வருபவை. குறைந்த அளவு என்றும் எண்ண வேண்டாம்: 4 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் ஏறக்குறைய 27 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற மற்றொரு ஸ்டீராய்டுக்குச் சமம். இபுபுரூஃபனும் ஸ்டீராய்டும் சேரும்போது இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் ஏற்படும் அபாயம் கூடுகிறது. முன்பு வயிற்றுப்புண் இருந்தவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இபுபுரூஃபனே கூடாதிருக்கலாம், அதையும் கேளுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் சொன்னோம்; அவர் டெக்ஸாமெத்தசோனை நிறுத்திவிட்டார். அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கேட்டறிந்த பின்னரே இபுபுரூஃபனையும் பாராசிட்டமாலையும் குறித்த நேரத்தில் சாப்பிடச் சொன்னார். சிகிச்சை முடிந்த அன்று இரவு வலி இருந்தது, ஆனால் தூங்க முடிந்தது. இரண்டாம் நாள் பல்லைக் கடிக்கும்போது மட்டும் வலித்தது. ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்க வேண்டுமா என்று உறவினர் ஒருவர் கேட்கிறார்.

பதில் 1 (மீண்டும்)

வேண்டாம். கடிக்கும்போது வரும் வலி பல்லின் வேரைச் சுற்றியுள்ள திசுவின் அழற்சியால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதைக் குறைக்காது. தற்காலிக அடைப்பு சற்று உயரமாக இருந்தாலும் இப்படித்தான் வலிக்கும், எனவே கடியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முகத்தில் வீக்கம், காய்ச்சல், வாய் திறப்பதில் சிரமம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், அடுத்த தவணை வரை காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.