ஒன்பது நாள் பயணம்: நாக்சோஸில் மட்டும் தங்கலாமா, நான்கு தீவுகளையும் சுற்றலாமா?

நீலாம்பல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் அம்மாவையும் பதினொரு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஒன்பது நாள் கிரேக்கத் தீவுகளுக்குச் செல்கிறேன். மகளுக்குக் கடலில் குளிக்க வேண்டும். எனக்குப் பழைய கோயில்களைப் பார்க்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கோ அமைதியான ஓர் ஊரில் அமர்ந்து மனிதர்களைப் பார்த்தாலே போதும். மிக்கொனோஸ், டீலோஸ், நாக்சோஸ், சான்டொரினி ஆகிய நான்கையும் சுற்றுவது சரியாக இருக்குமா?

கற்றளி நேசன்:

ஒன்பது நாளில் நான்கு தீவுகள் என்றால், பெட்டி கட்டுவதிலும் கப்பலுக்குக் காத்திருப்பதிலுமே பாதிப் பொழுது போய்விடும். அம்மாவை அப்படி அலைக்கழிக்காமல் நாக்சோஸிலேயே தங்குங்கள். நகரையொட்டிய அகியோஸ் யோர்கியோஸ் கடற்கரையில் ஆழம் குறைவு என்பதால் மகளை அச்சமின்றி இறக்கலாம். துறைமுகத்தை நெருங்கும்போதே தெரியும் பெரிய பளிங்கு வாசல், கிமு 530 அளவில் தொடங்கி முடிக்கப்படாமலே நின்றுபோன, கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் கோயிலுடையது.

ஆனால் இத்தீவின் பெருமை கிராமப்புறங்களில்தான் இருக்கிறது என்பேன். வடகோடியில் அப்பொலோனாஸ் ஊருக்கு மேலேயுள்ள பழைய கல்குவாரியில், பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள தாடி வைத்த ஆணுருவம் ஒன்று பாறையிலிருந்து முழுதும் விடுபடாமல் மல்லாந்து கிடக்கிறது. 2,500 ஆண்டுகளாகியும் அழியாத அதன் உளித்தடங்களைத் தொட்டும் தொடாமலும் நின்றபோது, முடிக்கப்பட்ட எந்தச் சிலையின் முன்னும் வராத நெருக்கம் அந்தச் சிற்பிகள்மேல் எனக்கு வந்தது. சாங்ரி அருகே, வயல்களுக்கு நடுவே, பின்னாளில் தேவாலயமாக்கப்பட்ட, விளைச்சலின் தெய்வமான தெமீத்தரின் கோயிலின் சிதறிய கற்களைத் தேடிச் சேர்த்து ஒரு பகுதியை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஹால்கி பொருத்தமான ஊர். அங்கே சதுக்கத்துக் காபிக் கடையில் நெடுநேரம் அமரலாம். பளிங்கு பாவிய தெருக்களைக் கொண்ட அபீராந்தோஸ் அதைவிட அழகு என்றாலும் படிகள் மிகுதி.

வடகாற்று:

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் டீலோஸை விட்டுவிடாதீர்கள். பருவகாலத்தில் நாக்சோஸிலிருந்தே பகற்பயணப் படகுகள் செல்கின்றன. அதைக் கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் கடுமையாக வீசும் மெல்தெமி என்னும் வடகாற்று செப்டம்பரில் தணிந்தாலும், சில நாள்களில் திடீரென வலுத்துப் படகுகளை நிறுத்திவிடும். நான் அப்படித்தான் துறைமுகத்தோடு திரும்பி, மறு ஆண்டு மீண்டும் சென்றேன்.

அப்பல்லோ பிறந்த தீவு என்பதால், கிமு 426 அளவில் ஏதென்ஸ் நகரத்தார் அங்கிருந்த கல்லறைகளை அகற்றி, இனி எவரும் அங்கே பிறக்கவோ இறக்கவோ கூடாது என்று விதித்தனர். இன்றும் பயணிகள் அங்கே இரவு தங்க முடியாது. நாக்சோஸ் மக்கள் காணிக்கையாக நிறுத்திய பளிங்குச் சிங்கங்களின் நகல்களே வெளியே நிற்கின்றன. நிழலே இல்லாத கரடுமுரடான இடம் அது. தண்ணீர் எடுத்துக்கொண்டு, நீங்களும் மகளும் மட்டும் சென்று வாருங்கள்.

நீலாம்பல்:

இருவருக்கும் மிக்க நன்றி. நாக்சோஸ் என்றே முடிவு செய்துவிட்டேன். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழங்கால ஊரான அக்ரோத்திரியைக் காணச் சான்டொரினி செல்ல முடியாதது மட்டும் வருத்தமாக இருக்கிறது.

கற்றளி நேசன்:

அக்ரோத்திரியின் சுவரோவியங்கள் சில ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. திரும்பும் வழியில் ஒரு காலைப் பொழுதை அதற்கு ஒதுக்கி, குத்துச்சண்டையிடும் இரு சிறுவர்களின் ஓவியத்தை மகளுக்குக் காட்டுங்கள்.